கல்லூரியின் முதலாண்டு: சீனியர்கள், விடுதி, வரவேற்புச் சடங்குகள் – தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எந்தப் பாடப்பிரிவை எடுப்பது, எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்-ஆஃப் வேண்டும், எந்தச் சுற்றுக் கலந்தாய்வில் எதை முதலில் குறிப்பது என்றெல்லாம் சொல்லித்தர ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த முதல் நாள் மதியம், மெஸ்ஸில் தட்டை ஏந்தி நிற்கும்போது யார் பக்கத்தில் போய் உட்காருவது என்பதைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. முதலாண்டில் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர்களாக நான் பார்த்தவர்களில் பலர், பாடம் புரியாமல் திரும்பியவர்கள் அல்லர். பேச ஆளில்லாமல் திரும்பியவர்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் நீண்ட காலம் ஆசிரியராகவும், அதில் சில ஆண்டுகள் ஆண்கள் விடுதியின் துணைக் காப்பாளராகவும் பணியாற்றியவன். புதியவர்களை வரவேற்கும் வழக்கம் ஒன்று கல்லூரிக்குத் தேவை என்பதை முழுமையாக நம்புகிறவன். ஆனால் அந்த வழக்கத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒருவர் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போனாலும் மறுநாள் காலையில் அதே மேசையில் அவருக்கு இடம் இருக்க வேண்டும். இருந்தால் அது வரவேற்பு. இல்லையென்றால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்த அளவுகோலைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: கையெழுத்திடும் தாளைப் படித்துவிட்டுச் சேருங்கள்

சேர்க்கை நாளன்று மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கட்டண ரசீது ஆகியவற்றுக்கு நடுவே ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் படிவம் ஒன்றும் உங்கள் முன் வைக்கப்படும். மாணவர் ஒன்றிலும் பெற்றோர் ஒன்றிலும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் வரிசை நகர்கிறதே என்ற அவசரத்தில் படிக்காமலேயே கையெழுத்திட்டுவிடுகின்றன. இது ‘நான் ராகிங் செய்யமாட்டேன்’ என்ற வாக்குறுதி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எதெல்லாம் ராகிங் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்றும் அதே தாளில்தான் நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே உண்மையிலேயே படித்துவிடுவது நல்லது.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் தம் சீனியரின் கையால் கொல்லப்பட்டார். தமிழ்நாடு முழுவதையும் உலுக்கிய அந்தக் கொலையைத் தொடர்ந்து முதலில் அவசரச் சட்டமும், பிறகு 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் வந்தன. அந்தச் சட்டம் தரும் விளக்கம் நாம் நினைப்பதைவிட விரிவானது. உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு செய்வது, அச்சத்தையோ அவமானத்தையோ கூச்சத்தையோ உண்டாக்குவது, கேலி செய்வது ஆகியவற்றுடன், ஒரு மாணவர் இயல்பாகத் தம் விருப்பத்தின்பேரில் செய்யமாட்டாத ஒரு செயலைச் செய்யச் சொல்வதும் ராகிங்தான். கல்லூரிக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றமே. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் தண்டனை. தண்டிக்கப்பட்டவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறு கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது.

உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் அமைந்த குழு 2007இல் தன் அறிக்கையைத் தந்தது. அதன் பின் 2009இல், யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அவற்றில் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்விரண்டையும் ராகிங் என்றே நம் பிள்ளைகள் நினைப்பதில்லை. சீனியருக்குக் கொடுக்கப்பட்ட அசைன்மென்டையோ ரெக்கார்டு நோட்டையோ ஜூனியரை எழுதவைப்பது ஒன்று. ஜூனியரைக் கட்டாயப்படுத்திச் செலவு செய்யவைப்பது மற்றொன்று. ‘ட்ரீட்’ என்ற பெயரில் நடந்தாலும் அது ராகிங்தான். 2016இல் செய்த திருத்தம் சாதி, மதம், நிறம், பாலினம், பிறந்த ஊர், பேசும் மொழி ஆகியவற்றைக் காரணமாக வைத்து உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதையும் இதே விளக்கத்துக்குள் சேர்த்தது.

படித்து முடித்ததும் 1800-180-5522 என்ற தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண்ணை மாணவரும் பெற்றோரும் தத்தம் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லா எண் அது. அதோடு விடுதிக் காப்பாளர், ராகிங் எதிர்ப்புக் குழுவில் உள்ள ஓர் ஆசிரியர், உங்கள் துறையின் முதலாண்டு ஒருங்கிணைப்பாளர் ஆகிய மூவரின் எண்களும் சேர்க்கை நாளன்றே உங்களிடம் இருக்க வேண்டும். கல்லூரி தரும் கையேட்டில் அவை அச்சாகியிருக்கும். இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தினமும் இரவில் தொலைபேசியில் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கிறோம்; பிள்ளையும் ‘சாப்பிட்டேன்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ‘யார்கூட சாப்பிட்ட?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் பத்து நாள்களில் அந்தக் கேள்விக்கு ஒரு பெயராவது பதிலாக வந்தால் நிம்மதி கொள்ளலாம். மூன்று வாரமாகியும் பெயரே வரவில்லை என்றால், ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இரண்டாம் படி: சீனியர்கள் வருவதற்கு முந்தைய நாள்கள்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் மூன்று வார அறிமுகப் பயிற்சியைப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்கியது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் சேர்த்து யு.ஜி.சி. 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் அதைப் போன்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. வகுப்பு இன்னும் தொடங்கவில்லையே, வெறும் பேச்சும் யோகாவும்தானே என்று எண்ணி, பல மாணவர்கள் முதல் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய இழப்பு முதலாண்டில் வேறில்லை. அந்த நாள்களில்தான் அத்தனை பேரும் ஒரே அளவுக்கு அந்நியர்களாக இருக்கிறார்கள். யார் யாரிடம் போய்ப் பேசினாலும் விநோதமாகப் படாது. ஒரு மாதம் கழிந்தால் ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு கூட்டம் அமைந்துவிடும். அதன் பிறகு ‘இங்க உட்காரலாமா?’ என்று கேட்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டியிருக்கும்.

ஆகையால் முதல் இரண்டு வார இறுதிகளிலாவது விடுதியிலேயே இருங்கள். ஒரே நேரத்தில், மெஸ்ஸின் ஏறக்குறைய ஒரே மூலையில் சாப்பிடுங்கள். நட்பு பெரும்பாலும் பெரிய உரையாடலிலிருந்து பிறப்பதில்லை. ஒரே முகத்தை எட்டாவது முறை பார்க்கும்போது, ‘உங்க பிளாக்ல தண்ணி வருதா?’ என்று கேட்கத் தோன்றுகிறதே, அதிலிருந்துதான் பிறக்கிறது. அந்த எட்டு முறை நிகழ்வதற்கு நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும்.

அறைத் தோழர்களோடு முதல் வாரத்திலேயே சிலவற்றைப் பேசி முடித்துவிடுங்கள். எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, வீட்டுக்குப் பேசும்போது உள்ளே பேசுவதா வராந்தாவில் பேசுவதா, அலாரம் யாருடையது, ஊரிலிருந்து வரும் பலகாரம் பொதுவா தனியா, வெளி நண்பர்களை இரவில் அறைக்குள் அழைக்கலாமா என்பவையெல்லாம் கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். துணைக் காப்பாளராக இருந்தபோது என்னிடம் அறை மாற்றம் கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இவற்றைப் பற்றியவையே. ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குத் தெரியாத அறைகளில் இன்னும் சற்று நிதானம் வேண்டும். நால்வரில் மூவர் தமிழில் சிரித்துப் பேசும்போது நான்காமவர் தம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். என்ன பேசினோம் என்பதை ஒரு வரியில் அவருக்குச் சொல்லிவிட்டால் போதும்.

வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்குக் கல்லூரிப் பேருந்துதான் விடுதி. காலையில் ஒன்றரை மணி நேரமும் மாலையில் ஒன்றரை மணி நேரமும் கூடவே பயணம் செய்யும் முகங்களே அவர்களுடைய அறைத் தோழர்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கிவிடாமல், முதல் மாதத்தில் மட்டுமாவது பக்கத்து இருக்கைக்காரரின் பெயரையும் துறையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சீனியரைச் சந்திப்பது

இந்தப் படியில்தான் குழப்பம் மிகுதி. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

‘இன்ட்ரோ’ என்பது நம் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் உள்ள வழக்கம். சீனியர் ஒருவர் ஜூனியரை நிறுத்தி, பெயர், ஊர், படித்த பள்ளி, துறை ஆகியவற்றைக் கேட்பார். நல்ல கையில் இது மிக இனிய வழக்கம். எங்கள் விடுதிப் படிக்கட்டில் ஒருமுறை நான் மேலேறிக்கொண்டிருந்தபோது, மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, வாளியோடு நின்ற ஒரு பையனிடம் கேட்டார்: “தம்பி, எந்த ஊரு?” பையன் ஊரைச் சொன்னான். “அட, நம்ம பக்கம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு நேரா ஊருக்கே ஒரு பஸ் இருக்கு, தெரியுமா? ஜங்ஷன் போய் மாறவே வேண்டாம்.” பையன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “தெரியாதுண்ணா, எங்க நிக்கும்?” என்று கேட்டான். அவ்வளவுதான் அந்த இன்ட்ரோ. அதில் சீனியர் உட்கார்ந்திருந்தார், ஜூனியர் நின்றார். ஆனால் அந்தப் பையன் நினைத்தால் எந்த நொடியிலும் ‘வர்றேண்ணா’ என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியும்.

அதே கேள்விகள் இரவு பதினொரு மணிக்கு, உள்ளிருந்து தாழிட்ட அறையில், கட்டிலில் ஆறு பேர் உட்கார்ந்திருக்க, நடுவில் நிற்கும் ஒருவரிடம் கேட்கப்படும்போது வேறு பொருள் கொள்கின்றன. ‘அண்ணா’ என்று கூப்பிடக்கூடாது, ‘சார்’ என்றுதான் சொல்ல வேண்டும், தலையை நிமிர்த்தாமல் சட்டையின் மூன்றாம் பொத்தானைப் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பன போன்ற கட்டளைகள் வந்துவிட்டால் அது அறிமுகமாக இல்லை. அங்கே யாரும் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. நீங்கள் பணிவீர்களா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்வதும் அப்படித்தான். பாடத் தெரிந்த, பாட விரும்புகிற மாணவருக்கு அது மேடை. திக்குவாய் உள்ளவருக்கு அது தண்டனை. கேட்கிறவருக்கு இருவருக்கும் உள்ள வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. அதனால்தான் சட்டம் செயலின் பெயரைப் பார்க்காமல், செய்பவரின் விருப்பத்தைப் பார்க்கிறது.

இன்னும் ஒரு கேள்வியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஊர் எது என்று கேட்டு, அதற்குமேல் எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, குலதெய்வம் எது என்று கேள்வி நீண்டால், அது ஊரைப் பற்றிய விசாரணை இல்லை, சாதியைப் பற்றிய விசாரணை. கட்-ஆஃப் எவ்வளவு, எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்று துருவுவதும் அதே நோக்கத்தில்தான். இதற்குப் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். “கவுன்சிலிங்ல வந்தேண்ணா” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். சாதியை வைத்து ஒரு கூட்டம் உங்களை ‘நம்ம பையன்’ என்று அரவணைக்க வந்தாலும் அதே நிதானத்தோடு விலகி நில்லுங்கள். அந்த அரவணைப்பில் சேர்ந்தவர்களைத்தான், பிற்பாடு அடிதடியில் முன்வரிசையில் பார்த்திருக்கிறேன்.

நடைமுறையில் எப்படி நடந்துகொள்வது? பொது இடத்தில், பகல் நேரத்தில், மரியாதையோடு கேட்கும் சீனியருக்கு மரியாதையோடு பதில் சொல்லுங்கள். அண்ணா, அக்கா என்று அழைப்பது நம் ஊர் வழக்கம். அதில் தாழ்வு ஏதும் இல்லை. அதோடு நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்க எந்த டிபார்ட்மென்ட்ண்ணா? கிராபிக்ஸ் யாரு எடுப்பாங்க?” திருப்பிக் கேட்கும் ஒரு கேள்வி அந்தச் சந்திப்பை உரையாடலாக மாற்றிவிடும். நல்ல சீனியர் மகிழ்ந்து பதில் சொல்வார். ‘என்கிட்டயே கேள்வி கேக்குறியா?’ என்று சினந்தால், அவரை எங்கே வைப்பது என்று உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். இரவில் அறைக்கு அழைத்தால், “வார்டன் ரவுண்ட்ஸ் வருவார்ண்ணா, காலையில மெஸ்ல பாக்குறேன்” என்று சொல்லி நகருங்கள். இது பொய்யும் இல்லை, விடுதிகளில் திடீர்ச் சோதனை நடத்த வேண்டும் என்பது விதிமுறை.

பெண்கள் விடுதியில் இவையெல்லாம் நடப்பதில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அங்கே கட்டளைகள் மெல்லிய குரலில் வரும், அவ்வளவே வேறுபாடு. முதலாண்டினர் துப்பட்டாவை இப்படித்தான் போட வேண்டும், இரட்டைச் சடைதான் பின்ன வேண்டும், குளியலறை வரிசையில் அக்காமார்களுக்கு வழிவிட வேண்டும், அவர்களுடைய பக்கெட்டுகளை நிரப்பி வைக்க வேண்டும் என்பவை பல இடங்களில் ‘ஹாஸ்டல் ரூல்’ என்ற பெயரில் உலவுகின்றன. விடுதியின் விதி என்றால் அது காப்பாளர் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் இருக்கும். பலகையில் இல்லாத விதிக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

நான்காம் படி: எல்லை மீறினால்

முதலில் அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள். ஆறு பேர் இருக்கும் அறையில் வீரம் காட்டச் சொல்லமாட்டேன். கதவு திறந்த முதல் வாய்ப்பில் வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள். வந்ததும் நாள், நேரம், இடம், இருந்தவர்கள், சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் கைப்பேசியில் அப்போதே எழுதி, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் எழுதினால் பாதி மறந்துபோகும், மீதியை நீங்களே சிறிதாக்கிக்கொள்வீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டல்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காப்பாளரிடமோ, உங்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ சொல்லுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி தயங்கினால் உதவி எண்ணுக்கு அழையுங்கள். தகவல் தந்தவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும், சொன்னதற்காக அவருக்கு எந்தப் பாதிப்பும் வரக்கூடாது என்று 2009 விதிமுறைகள் சொல்கின்றன. குற்றம் என்று கருதத்தக்க செயல் நடந்திருந்தால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைமை காவல்துறையில் முதல் தகவல் அறிக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பாலியல் சீண்டல் என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவையும் அணுகலாம். உடனடி ஆபத்து என்றால் 112. தூக்கம் கெட்டு, பசி குறைந்து, யாரிடமும் பேசப் பிடிக்காமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற பெயர் வந்துவிடுமே என்பதுதான் மாணவர்களை நிறுத்தும் பெரிய அச்சம். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒருமுறை நடுச்சாமத்தில் என் அறைக் கதவைத் தட்டிய மாணவர், பத்து நிமிடம் கழிவறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் குழாயைப் பற்றிப் பேச எவரும் வரமாட்டார் என்பது எனக்குப் புரிவதற்கே அவ்வளவு நேரமாயிற்று. “வேற ஏதாவது இருக்காப்பா?” என்று கேட்டதும்தான் அழத் தொடங்கினார். அவரோடு அதே அறையில் நிறுத்தப்பட்ட மற்ற நால்வரையும் மறுநாள் தனித்தனியே அழைத்துக் கேட்டபோது, நால்வரும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே இது தாங்கமுடியாததாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே முடிந்தவரை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். பெயர் கெடும் என்ற அச்சம் அப்போது பாதியாகக் குறையும்.

ஐந்தாம் படி: பிரஷர்ஸ் டே

வெளிச்சத்தில், ஆசிரியர்கள் முன்னிலையில், முன்கூட்டியே அறிவித்து நடக்கும் வரவேற்பு விழா இது. புதியவர்களும் சீனியர்களும் ஆசிரியர்கள் முன்னிலையில் கலந்து பழகுவதற்கான கலை, விளையாட்டு நிகழ்ச்சிகளை நடத்துமாறு யு.ஜி.சி. விதிமுறையே கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறது. எனவே தயங்காமல் போங்கள். புதிய உடை வேண்டும் என்பதில்லை. துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போதும்.

விழாவை நடத்தும் இரண்டாமாண்டினருக்குத்தான் இங்கே சொல்ல வேண்டியது அதிகம். மேடை விளையாட்டுகளுக்குப் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்காதீர்கள், முன்வருபவர்களை அழையுங்கள். சீட்டில் பெயர் வந்து மேடையேறி உறைந்து நிற்கும் மாணவரை முந்நூறு பேர் பார்த்துச் சிரித்தால், மூன்று ஆண்டுகளுக்கு அவர் எந்த மேடைப் பக்கமும் வரமாட்டார். ஆணையும் பெண்ணையும் மேடையில் நிறுத்திக் காதலைச் சொல்லச் சொல்லும் விளையாட்டை அறவே விட்டுவிடுங்கள். அந்தக் காணொளி அன்றிரவே அந்தப் பெண்ணின் சித்தப்பா கைப்பேசிக்குப் போய்ச்சேரும், மறுநாள் அவள் படிப்புக்கே ஆபத்து வரும். ஒரு யோசனை சொல்கிறேன்: பாடுபவர், ஆடுபவர் தவிர, மேடைக்குப் பின்னால் வேலை செய்ய விரும்பும் புதியவர்களையும் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். நாற்காலி போட்டு, மைக் கம்பி இழுத்துக் கூடவே வேலை செய்த இரண்டு மணி நேரத்தில் உண்டாகும் பழக்கம், மேடையில் கிடைக்கும் கைத்தட்டலில் உண்டாகாது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியவர்களிடம் விழாவுக்காகப் பணம் வசூலிக்காதீர்கள். அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெற்று அதில் பேருந்துக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் சமாளிக்கும் மாணவர்கள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் ‘எனக்கு முடியாது’ என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்; விழாவன்று விடுப்பு எடுத்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: பேருந்துக் கூரையும் ‘ரூட்டு’ம்

சென்னைக் கலைக் கல்லூரிகள் சிலவற்றில், ஒரே வழித்தடப் பேருந்தில் வரும் மாணவர்களின் கூட்டத்துக்கு ‘ரூட்டு’ என்றும், அதன் தலைவருக்கு ‘ரூட்டுத் தல’ என்றும் பெயர். அந்தக் கூட்டம் ஆண்டுக்கொருமுறை பேருந்தை மறித்து, மாலை போட்டுக் கொண்டாடுவது ‘பஸ் டே’. நீதிமன்றத் தடைக்குப் பிறகும் அது முழுதாக நிற்கவில்லை. 2019 ஜூனில் பேருந்துக் கூரைமீது ஏறியிருந்த மாணவர்கள், வண்டி சட்டென நின்றதும் கொத்தாகச் சாலையில் சரிந்து விழுந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. முதலாண்டு மாணவருக்கு இந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. கல்லூரியில் உங்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாத நேரத்தில், பேருந்தின் பின்படிக்கட்டில் பத்துப் பேர் உங்களை ‘மச்சான்’ என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் இங்கேயும் அதே அளவுகோலை வைத்துப் பாருங்கள்: ‘நான் கூரையில் ஏறவில்லை’ என்று சொன்னால் மறுநாள் அந்த மச்சான்கள் பேசுவார்களா? பேசமாட்டார்கள் என்று தோன்றினால் முன்படிக்கட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். ரூட்டுகளுக்குள் மோதல் வந்து, சங்கிலி போல நீளும் வழக்குகளில் மாட்டுவது பெரும்பாலும் மூன்றாமாண்டுத் தலைவர் அல்லர். கல்லைக் கையில் கொடுத்து முன்னால் தள்ளப்பட்ட முதலாண்டுப் பையன்தான்.

ஏழாம் படி: முதல் பருவத்தில் உங்களுக்கென ஓர் இடம்

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் வகுப்பில் வாய் திறப்பதே கடினமாக இருக்கும். ஆங்கிலம் வராததால் நண்பர்களே இல்லை என்று அவர்களில் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆய்வகத்திலும் பணிமனையிலும் கையால் செய்யும் வேலைகளில் முன்னே நில்லுங்கள். ஒரு சர்க்யூட்டைச் சரியாக இணைக்கத் தெரிந்தவரிடம், நுனி நாக்கில் ஆங்கிலம் பேசுபவரும் வந்து சந்தேகம் கேட்பார். அங்கிருந்து பழக்கம் தொடங்கும்.

ஏதாவது ஓர் அமைப்பில் சேருங்கள், ஒன்றே போதும். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தை நான் முதலில் பரிந்துரைப்பேன். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதில் உண்டு. அந்த ஏழு நாளும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத் தரையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குள் துறை, ஆண்டு, ஊர் என்ற பிரிவெல்லாம் மூன்றாம் நாளே கரைந்துவிடும். சீனியர், ஜூனியர் உறவு மிக இயல்பாக அமைவதை நான் பார்த்தது அந்த முகாம்களில்தான். இருவர் கையிலும் மண்வெட்டி இருந்தது.

வருகைப்பதிவைக் கவனித்துக்கொள்ளுங்கள். நட்பின் பெயரால் எல்லா ‘மாஸ் கட்’டுக்கும் கூடப் போனால் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடுவீர்கள். அப்போது கல்லூரி முதல்வர் அறை வாசலில் நீங்கள் தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: நீங்கள் சீனியராகும்போது

பத்து மாதங்களில் உங்களுக்குக் கீழே ஒரு கூட்டம் வந்துவிடும். ‘நாங்க பட்டோம், அவங்களும் படட்டும்’ என்ற பேச்சு உங்கள் அறையிலேயே எழும். அதை யாராவது ஒருவர் முதல் ஆளாக மறுத்துவிட்டால் போதும், பெரும்பாலும் மற்றவர்களும் அடங்கிவிடுவார்கள் என்பது நான் திரும்பத்திரும்பக் கண்ட உண்மை. மறுப்பதோடு நில்லாமல் அதன் இடத்தில் வேறொரு வழக்கத்தை வையுங்கள்; ஏனெனில் காலியாக விட்ட இடத்தில் பழையதே வந்து அமர்ந்துகொள்ளும். இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரும் பட்டயப் படிப்பு மாணவர்களையும் அந்த வழக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்; உங்கள் வகுப்பிலேயே இருந்தாலும் அவர்களும் புதியவர்கள்தாம், அவர்களை வரவேற்க ஒருவரும் விழா எடுப்பதில்லை.

எங்கள் துறையில் அப்படி ஒரு வழக்கம் தானாகவே உருவாயிற்று. இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பாடம் முடிந்துவிட்டால், படம் வரையும் கருவியான டிராஃப்டருக்கு வேலை இல்லை. கடையில் விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது. இரண்டாமாண்டுக்குப் போகும் மாணவி ஒருவர் தம் டிராஃப்டரை முதலாண்டுப் பெண்ணுக்குச் சும்மா கொடுத்தார். அடுத்த ஆண்டு அந்தப் பெண் அதை இன்னொருவருக்குக் கொடுத்தார். முதல் கிராபிக்ஸ் வகுப்புக்கு முந்தைய மாலையில், துறை வராந்தாவில் நின்று, எப்படித் திருகை இறுக்குவது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த மாலையில் சிலர் லேப் கோட்டையும் பழைய ரெக்கார்டையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, என் வகுப்பில் முன்பெஞ்சில் இருந்த மாணவியிடம் அளவு சரிபார்ப்பதற்காக டிராஃப்டரைக் கேட்டேன். அவர் அதைத் துணிப்பையிலிருந்து உருவியபோது பையின் உள்மடிப்பு வெளியே தெரிந்தது. நீல மையிலும் கறுப்பு மையிலும், சில அழிந்தும் சில பளிச்சென்றும், ஏழு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தன. எட்டாவது வரியில் தம் பெயரை அவர் இன்னும் எழுதவில்லை. வருடக் கடைசியில்தான் எழுத வேண்டுமாம், அக்கா சொல்லியிருக்கிறார்.